சுழியமும் ஒன்றும் மட்டுமா கணிப்பு?

கணிப்பு என்றாலே சுழியமும் ஒன்றுந்தான் என்று ஓதுவோர், 1981இல் பிரிட்டனில் வெளிவந்த பிபிசி மைக்ரோ பி வகைக் கணினியின் பின்புறத்தைப் பார்த்ததில்லை போலும். ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை அளக்கும் நான்கு அனலாக் வழிகள் அங்குள்ளன. அவை விளையாட்டுப் பிடிக்கு மட்டுமே என்று ஒதுக்குவது பேதைமை! பெருக்கிகளும் மின்தேக்கிகளும் கொண்ட இரு தொகையீட்டுச் சுற்றுகளையும் ஒரு குறிமாற்றியையும் வளையமாக்கி, மின்னழுத்தத்தை 1.8 வோல்ட்டுக்குள் அடக்கி இணைத்தால், வில்சுருளில் ஆடும் எடையின் சமன்பாட்டை மின்னோட்டமே தீர்த்துவிடும். கணினி அதனை அளந்து வரையும். துல்லியம் குறைவென்பர். மெய்தான்; ஒரு விழுக்காடு பிழைபடும் உறுப்புகளால் மூன்றாம் இலக்கம் தேறாது. ஓர் அளவீட்டுக்கு ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆவதால் சுற்றும் மெதுவாகவே ஓடவேண்டும். ஆயினும் மாறுதடையைத் திருகியவுடன் அலை தணிவதை மாணவன் கண்ணாற் காண்கிறானே! பழம்பொறிக்குப் பேழையே தக்க இடம் என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?