குற்றம் தமிழில் இல்லை, உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவும்.

"தமிழ் இருந்தா பில்ட் ஃபெயில் ஆகுது சார், இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக் கொடுங்க." குழந்தைகளின் சொல் விளையாட்டுச் செயலிக்கு நான் தட்டச்சு செய்து கொடுத்த சொற்பட்டியலுக்கு வந்த பதில் இது. சொன்னது நம் பிள்ளைதான், பெயர் வேண்டாம். 'நண்டு' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் அதில் ந எது, ண எது? இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரும் விளையாட்டு ஐயா அது!

காரணத்தைச் சிறுசேரியில் வேலை பார்க்கும் இன்னொரு மாணவி மடிக்கணினியில் காட்டினாள். செயலியின் கோப்புகளைச் சேர்த்து மூட்டை கட்டுவது பைத்தானில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். என் பட்டியல் யுடிஎஃப்-8 முறையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்றால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறி, 15 பைட். ஸ்கிரிப்டோ எந்த முறை என்றே சொல்லாமல் கோப்பைத் திறக்கிறது. நம் ஊர் விண்டோஸ் கணினிகள் அப்போது பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் 5 இடம் காலி. நம் புள்ளியின் கடைசி பைட்டும் உகரக் குறியின் கடைசி பைட்டும் அந்தக் காலி இடங்களில்தான் போய் விழுகின்றன. 'நண்டு' வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 'முட்டுக்காடு' என்றால் முதல் எழுத்தைக்கூடத் தாண்டாது. 'நரி' தப்பித்துப் போகும், ஆனால் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துக் குப்பையாக. இதுதான் ஆபத்து. யாருக்கும் தெரியாமல் குழந்தையின் கைக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

கோப்பைத் திறக்கும் வரியில் 'என்கோடிங்: யுடிஎஃப்-8' என்று சேர்த்தால் தீர்ந்தது. எழுதும் இடத்திலும் அப்படியே. யுடிஎஃப்-8 1992இலேயே வந்துவிட்டது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். (அதற்கு முன் வினாத்தாளை ஓர் எழுத்துருவில் அடித்து, வேறு கணினியில் திறந்து பட்ட பாடு என்னோடு பணியாற்றியவர்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு அந்தச் சாக்கு செல்லும்.) பைத்தானை உருவாக்குபவர்களே 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8ஐ இயல்பு முறையாக்க முடிவு செய்துவிட்டார்கள்.

"டெட்லைன் சார், நேரமில்லை" என்பீர்கள். பட்டியல் முழுவதையும் மாற்றி அடிக்க எனக்கு இரண்டு நாள், ஒரு வரி திருத்த உங்களுக்கு இரண்டு நிமிடம். சிலர் 'இக்னோர்' என்று போட்டுப் பிழைச்செய்தியையே வாயடைத்துவிடுகிறார்களாம். தெரியாத கேள்வியை வினாத்தாளிலிருந்து அழித்துவிட்டு நூற்றுக்கு நூறு கேட்கிற கதை!

பட்டியலைத் தமிழிலேயே மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால், ஒரு கோப்பில் 'முட்டுக்காடு' என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். நின்றதா, ஓடியதா, குப்பையாக வந்ததா என்று கீழே எழுதுங்கள்.