துவெந்தேயும் மதில்மேல் முள்ளும்

லோர்காவைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு சொல் கட்டாயம் தேவைப்படுகிறது: துவெந்தே. சிலர் அதை அப்படியே விட்டுவிட்டு, மொழிபெயர்ப்புக்கு அடங்காதது என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சிலர் ‘அருள்’ என்கிறார்கள். இரண்டு தரப்பிலும் யாரும் அகராதியைத் திறந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் ஸ்பானிஷ் தெரியாது, பி.ஏ. ஆங்கிலம் படித்த வங்கிக் குமாஸ்தா. ஆனால் ஒரு கணக்கின் எல்லாப் பதிவுகளையும் பார்க்காமல் பேரேட்டில் பாக்கி எழுதக் கூடாது என்பது தெரியும்.

ஸ்பானிஷ் அகாதெமி அகராதியில் முதல் பொருள், வீட்டுக்குள் குடியிருந்து சேட்டையும் சந்தடியும் பண்ணும் குட்டிச்சாத்தான். அடுத்தது, சொல்லில் அடங்காத வசீகரம். பழைய ஜரிகைத் துணி ஒன்றுக்கும் அதே பெயர். இன்னொன்று லோர்கா பிறந்த அந்தலூசியாவில் வழங்குவது: யாரும் ஏறிக் குதிக்காதபடி மதில் உச்சியில் வைக்கும் காய்ந்த முட்செடி. கரிசல்காட்டில் வேலிக்குக் கருவேல முள் வெட்டிப் போடுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் விமர்சகர்கள் நான்கில் வசீகரத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். அது கையில் குத்தாது.

1933இல் புவனோஸ் ஐரிஸில் ஆற்றிய உரையில் லோர்கா தேவதூதன், கலைத்தேவி, துவெந்தே என்று மூன்றைப் பிரிக்கிறார். முதலிரண்டும் வெளியிலிருந்து வருபவை. துவெந்தேயை ரத்தத்துக்குள்ளிருந்து எழுப்பவேண்டும். அதோடு மல்லுக்கட்டவும் வேண்டும். பக்கத்தில் சாவின் வாடை இல்லையென்றால் அது வராது. சைவ சித்தாந்தத் தமிழிலோ அருள் என்பது மேலிருந்து பதிவது. லோர்கா எதை விலக்கினாரோ அதையே அவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

எங்கள் இருக்கன்குடிக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று வந்து பாருங்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில், உறுமிச் சத்தத்தில், நேற்றுவரை தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வந்த ஒருத்திக்குப் பாதத்தில் நடுக்கம் தொடங்கி மேலே ஏறும். ‘சாமி வந்திருக்கு’ என்று கூட்டம் விலகும். சாமிக்கு மூலமான ஸ்வாமி என்ற சொல்லுக்கு உடையவன் என்று பொருள். துவெந்தேயின் மூலமும் ‘வீட்டுக்கு உடையவன்’ என்பதுதான். அந்த நேரத்துக்கு உடம்புதான் வீடு.

அதே உரையில் பஸ்தோரா பவோன் என்ற பாடகி வருகிறாள். காதிஸ் நகரத்து மதுக்கடையில் குரல் வித்தை அத்தனையும் காட்டுகிறாள், ஒருவரும் அசையவில்லை. சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கி, வெந்த தொண்டையோடு, தன் குரலைத் தானே கிழித்துக்கொண்டு பாடியபோதுதான் கடை கிறங்கியது. இதை எங்களூர்க் கிழவிகளிடம் சொன்னால் ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கமாட்டார்கள்.

‘சாமி’ முழுக்கப் பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. சாமியாடிக்குச் சந்தேகம் கிடையாது. லோர்காவின் கலைஞன் விழித்துக்கொண்டே மல்லுக்கட்டுகிறான். இந்த இடைவெளியைப் பற்றி யாராவது எழுதட்டும், பதில் சொல்கிறேன். அதுவரை, தம் கவிதையில் துவெந்தே இருப்பதாக முன்னுரையில் எழுதி வாங்கிக்கொள்ளும் நண்பர்கள், எந்தப் பொருளில் என்பதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம். யாரும் உள்ளே வராமல் தடுக்கும் முள் என்ற பொருளில் அவர்களில் பலருக்கு அது உண்டுதான்.