அட்டைப்பெட்டி சொல்லும் வாட்ஸ்

இன்டர்ன்ஷிப் காசு வந்ததும், அப்பாவோட பழைய காருக்குப் புது ஸ்டீரியோ போடணும்னு ரூம்மேட் கிளம்பினான். கடையில் எடுத்துக் காட்டிய பெட்டி மேல '50 வாட்ஸ் × 4'. அசந்துட்டான்.

மக்களே, நாம படிக்கிறது இன்ஜினியரிங். கொஞ்சம் கணக்கு போடுவோம். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாத ஸ்டீரியோ, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத சைன் அலையாகத் தர முடிவது அதிகபட்சம் 26 வாட்ஸ்தான். பின்னாடி 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தா, 14.4 × 10 = 144. உள்ளே போறதே 144 வாட்ஸ்; வெளியே தொடர்ந்து 200 எப்படி வரும்?

என்னைக் கேட்டா, முதல் செலவு கதவுக்குத்தான். நல்ல ஸ்பீக்கர் மாத்தி, கதவுத் தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினாலே வித்தியாசம் காதுக்குத் தெரியும். அப்புறமும் பாஸ் பத்தலைன்னா ஆம்ப் போடுங்க. ஆனா பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் கட்டாயம். அது இல்லாம, ஒயர் தேஞ்சு பாடியில் தொட்டா பாட்டு கேக்காது, புகைதான் வரும்.

ரூம்மேட் பழைய ஸ்டீரியோவை அப்படியே விட்டுட்டு, ஸ்பீக்கரும் ஷீட்டும் மட்டும் போட்டான். போன வாரம் ஊருக்குப் போகும்போது, சவுண்டைக் குறைடான்னு அப்பா ஒரு தடவைகூடச் சொல்லலையாம்!