பெரியப்பாவின் பதினோரு ஃப்ளாப்பிகள்

"டேய், உனக்குத்தான் இந்த டப்பா விஷயமெல்லாம் தெரியுமே, இதைக் கொஞ்சம் ஓட வச்சுக் குடேன்" என்றார் பெரியப்பா. மேஜை மேல் பழைய வேட்டி போர்த்திய ஒரு பெட்டி. துணியை விலக்கினால், கறுப்புக் கீபோர்டும் அதன் மேல் வரிசையில் சிவப்பு விசைகளும். பிபிசி மைக்ரோ!

இளையவர்களுக்காகச் சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் இது. மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தர பிபிசி தொலைக்காட்சி எடுத்த முயற்சியோடு சேர்ந்து வந்ததால் அந்தப் பெயர். மாடல் பி-யின் மொத்த நினைவகம் 32 கேபி. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிற ரோஜாப்பூ படம்கூட அதில் அடங்காது. ஆனால் இளப்பமாக நினைக்க வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டரை வடிவமைத்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் பிறகு முதல் ஏ.ஆர்.எம் சிப்பையும் வடிவமைத்தார்கள். இப்போது இதைப் படிக்கிறீர்களே, அந்த ஃபோனுக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த வம்சத்துச் சிப்தான். ஆக, பெரியப்பாவின் மேஜையில் இருப்பது உங்கள் ஃபோனுக்குப் பாட்டி முறை.

நம் ஊருக்கு அது எப்படி வந்தது? 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வியைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த மெஷின் பிபிசி மைக்ரோ. பெரியப்பா அப்போது இயற்பியல் ஆசிரியர். பெரியம்மா அதே பள்ளியில் கணக்கு டீச்சர். பின்னாளில் பள்ளி பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, பெரியப்பா இந்தக் கம்ப்யூட்டரையும் ஒரு பெட்டி ஃப்ளாப்பிகளையும் எடுத்துக்கொண்டார். டிஸ்க் டிரைவ் வேறு யாருடைய மூட்டையிலோ போய்விட்டது.

மொத்தம் பதினோரு ஃப்ளாப்பிகள். மாணவர்கள் எழுதிய புரோகிராம்கள், மதிப்பெண் பட்டியல்கள், பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து எழுதிய ஒரு கணக்கு விளையாட்டு. பெரியம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. "அந்த விளையாட்டை ஒரு தடவை பார்த்துடணும்டா" என்றார். இதற்கு மேல் என்ன சொல்ல?

அவசரத்தில் நான் செய்தது

ஒரு டிரைவ் வாங்கினால் முடிந்தது என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். 5.25 அங்குல டிரைவ் ஒன்று கிடைத்தது. சுத்தமாக இருந்தது, விலையும் குறைவு. மாட்டி, பெட்டியில் முதலில் கைக்கு வந்த ஃப்ளாப்பியைச் செருகினேன். திரையில் 'டிஸ்க் ஃபால்ட் 18'. மறுபடி, மறுபடி, பத்து தடவையாவது முயன்றிருப்பேன். கர்ர் என்று தேய்கிற சத்தம் கேட்டபோதுதான் வெளியே எடுத்தேன். பழுப்புத் தட்டின் மேல் வளையம் போல ஒரு கீறல். அந்த இடத்தில் காந்தப் பூச்சே இல்லை.

இரண்டு தப்பு செய்திருந்தேன். முதலாவது, அது பொருந்தாத டிரைவ். இரண்டாவது, அந்த ஃப்ளாப்பியில் பூசணம் பூத்திருந்ததைப் பார்க்காமல் விட்டது. 1988-ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வேலை அதில் இருந்தது. பெரியப்பா லேபிளைத் தடவிப் பார்த்துவிட்டு, "போனது போகட்டும். மீதி பத்தையும் பத்திரமா பாரு" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். டிரைவ் வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எதற்காக டிரைவ்?

பழைய கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும், பேரனுக்கு 'எலைட்' விளையாட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால் உண்மையான டிரைவே வேண்டாம். 'கோடெக்' என்றொரு சின்னப் பெட்டி உண்டு. யு.எஸ்.பி பென் டிரைவைச் செருகினால், அதை ஃப்ளாப்பி என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்கும். அதில் 'ஃப்ளாஷ்ஃப்ளாப்பி' என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொண்டால் பிபிசி மைக்ரோவோடு நன்றாகப் பழகும். ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஃப்ளாப்பியை அதில் செருக முடியாது, அதற்கு வாயே கிடையாது. பழைய ஃப்ளாப்பியில் இருப்பதை மீட்க வேண்டுமென்றால், பழைய பாணி டிரைவ்தான் வழி.

2. கம்ப்யூட்டர் தயாரா?

எல்லா பிபிசி மைக்ரோவிலும் டிஸ்க் வசதி இருக்காது. அதைத் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. கீபோர்டில் நட்சத்திரக் குறி போட்டு ஹெல்ப் என்று அடியுங்கள். வருகிற பட்டியலில் 'டிஎஃப்எஸ்' இருந்தால் நல்ல அறிகுறி. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் டிஸ்க் டிரைவுக்கான 34 முனை இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. பல வருஷம் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் கரண்டில் செருகாதீர்கள். இதன் பவர் சப்ளையில் உள்ள சில கெப்பாசிட்டர்கள் வயதானால் வெடித்துப் புகை கக்குவதில் பேர் பெற்றவை. எங்கள் தெரு டிவி மெக்கானிக் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்.

3. நாற்பதா, எண்பதா?

ஃப்ளாப்பியில் தகவல்கள் வட்ட வட்டமாக, மரத்தின் ஆண்டு வளையம் போலப் பதிவாகின்றன. இந்த வட்டத்துக்கு ட்ராக் என்று பெயர். சில டிரைவ்கள் 40 ட்ராக், சில 80. பிபிசி மைக்ரோவின் சாதாரணக் கணக்கில் 40 ட்ராக் என்றால் ஒரு பக்கத்துக்கு 100 கேபி, 80 என்றால் 200 கேபி.

40 ட்ராக் டிரைவால் 80 ட்ராக் ஃப்ளாப்பியைப் படிக்க முடியாது. 80 ட்ராக் டிரைவோ, ஒரு வட்டம் விட்டு ஒரு வட்டம் தாண்டித் தாண்டிப் போனால் 40 ட்ராக் ஃப்ளாப்பியையும் படித்துவிடும். இதற்காகவே 40/80 என்று சுவிட்ச் வைத்த டிரைவ்கள் அந்தக் காலத்திலேயே வந்தன. உங்கள் ஃப்ளாப்பிகள் எந்த ரகம் என்று தெரியாவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு சுவிட்ச் உள்ளதையே வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: படிக்க மட்டும் பயன்படுத்துங்கள். 80 ட்ராக் டிரைவின் முனை மெல்லியது. அது 40 ட்ராக் ஃப்ளாப்பியில் எழுதினால், அகலமான பழைய கோட்டின் ஓரம் அழியாமல் நிற்கும். பிறகு அதை 40 ட்ராக் டிரைவில் போட்டால் பழசும் புதுசும் கலந்து வரும், எதுவும் புரியாது.

4. எத்தனை சுற்று?

நான் விழுந்த பள்ளம் இதுதான். பிபிசி மைக்ரோவுக்கு டிரைவ் நிமிஷத்துக்கு 300 தடவை சுற்ற வேண்டும். நான் வாங்கியது பிற்காலத்துப் பி.சி-க்கான 1.2 எம்பி டிரைவ். அது சுற்றுவது 360 தடவை. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஓடும் பஸ்ஸின் போர்டைப் படிப்பது போல, எழுத்து வருவதற்குள் வண்டி போய்விடுகிறது. 5.25 அங்குல டிரைவில் 1.2 எம்பி என்று இருந்தால் பிபிசி மைக்ரோவுக்கு வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

5. ஒரு பக்கமா, இரு பக்கமா?

விலை குறைவு என்று ஒரு பக்கம் மட்டும் படிக்கும் டிரைவை வாங்கிவிடாதீர்கள். பிபிசி மைக்ரோ, ஃப்ளாப்பியின் ஒரு பக்கத்தை 0 என்றும் மறுபக்கத்தை 2 என்றும் தனித்தனி டிரைவாகக் கருதும். 0-வில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் என்று மூடி வைத்தவர்கள் உண்டு. இது எவ்வளவு முக்கியம் என்று கடைசியில் சொல்கிறேன்.

6. கேபிளும் கரண்டும்

பி.சி-க்கான ஃப்ளாப்பி கேபிளின் நடுவில் சில கம்பிகள் முறுக்கி இருக்கும். பிபிசி மைக்ரோவுக்கு முறுக்கு இல்லாத நேர் கேபிள் வேண்டும். டிரைவின் போர்டில் டிஎஸ்0, டிஎஸ்1 என்று சின்ன ஜம்பர்கள் இருக்கும். ஒரே டிரைவ் என்றால் டிஎஸ்0-வில் வையுங்கள்.

இந்த டிரைவ்களுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தேவை. கம்ப்யூட்டரின் அடியிலேயே அதற்கான பவர் இணைப்பு உண்டு. தனி பவர் சப்ளையோடு வரும் டிரைவ்களும் உண்டு. எதுவானாலும், இரண்டு வோல்டேஜும் இடம் மாறினால் டிரைவ் அந்த நொடியே காலி. மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருக வேண்டாம்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "பிபிசி மைக்ரோவில் மாட்டிப் பார்த்தீர்களா? திரையை ஒரு ஃபோட்டோ அனுப்ப முடியுமா?" நேர்மையாக விற்பவர் உடனே அனுப்புவார்.

ஃப்ளாப்பியைச் செருகும் முன்

டிரைவ் சரியாக அமைந்தாலும் அவசரப்படாதீர்கள். ஃப்ளாப்பியின் நீள்வட்ட ஜன்னல் வழியாக, நடு வட்டத்தை விரலால் மெல்லச் சுற்றிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் பூசணம். அதைச் செருகினால் அந்த ஃப்ளாப்பியும் போகும், டிரைவின் முனையும் அழுக்காகி அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும். ஓரத்தில் உள்ள சதுர வெட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். தப்பித் தவறிக்கூட எதுவும் எழுதப்படாது. முதலில் செருகுவது, போனாலும் பரவாயில்லை என்கிற ஃப்ளாப்பியாக இருக்கட்டும்.

பத்திலும் என்ன இருந்தது?

பெரியப்பாவின் மகள் லெஸ்டரில் இருக்கிறாள். பிபிசி மைக்ரோ பிறந்த நாடாயிற்றே, இந்த டிரைவ்கள் அங்கேதான் நிறையப் புழங்கின. குமானா கம்பெனியின் 40/80 சுவிட்ச் வைத்த இருபக்க டிரைவ் ஒன்றைப் பிடித்து, ஊருக்கு வரும்போது சேலைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தாள். முனையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தோம். சுவிட்சை 40-ல் வைத்தோம்.

பத்தில் எட்டு முழுசாகப் படித்தது. ஒன்றில் பாதி கிடைத்தது. பூசணம் பிடித்த ஒன்றைச் செருகவே இல்லை, விவரம் தெரிந்த ஒருவர் சுத்தம் செய்து தரும்வரை காத்திருக்கிறது. படித்ததையெல்லாம் 'க்ரீஸ்வீசில்' என்ற சின்னப் போர்டு மூலம் லேப்டாப்பில் நகல் எடுத்துவிட்டோம்.

ஆனால் கணக்கு விளையாட்டைக் காணோம். எட்டரை ஃப்ளாப்பியிலும் தேடியாயிற்று. பெரியப்பா முகம் வாடிவிட்டது. "ஒருவேளை அந்தக் கீறல் விழுந்ததுலதான் இருந்துச்சோ என்னவோ" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அக்காதான் கேட்டாள்: "பின்பக்கம் பார்த்தீங்களாப்பா?"

டிரைவ் 2-க்கு மாற்றிப் பட்டியல் போட்டோம். ஐந்தாவது ஃப்ளாப்பியின் மறுபக்கத்தில் இருந்தது. புரோகிராமின் முதல் வரியில் இரண்டு பெயர்கள், பெரியம்மாவின் பெயர் முதலில். ஓட்டியதும், 17-ஐ 6-ஆல் பெருக்கச் சொன்னது. பெரியப்பா 102 என்று அடித்தார். திரையில் 'வெரி குட்' என்று ஆங்கிலத்தில் வந்தது.

"நான் வெறும் 'கரெக்ட்'னுதான் போட்டிருந்தேன்" என்றார் பெரியப்பா. "பிள்ளைங்களைப் பாராட்டினா என்ன குறைஞ்சா போயிடுவீங்கன்னு அவதான் மாத்தினா."

அடுத்த கணக்கு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதற்கும் விடை அடிக்கத் தொடங்கினார். நாங்கள் காபி போட எழுந்துவிட்டோம்.