மோட்டாரின் சுமையும் கட்டணத்தின் சுமையும்

சேர்வராயன் மலையில் காப்பி அறுவடை தொடங்கிவிட்டால், பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. பறித்த பழத்தை நெடுநேரம் குவித்துவைக்க முடியாது. புளித்துச் சுவை கெடும். அந்நேரத்தில் மோட்டார் நின்றுபோனால் இழப்பு பழுதுபார்க்கும் செலவோடு முடிவதில்லை. ஆயினும் ஏற்காட்டிலும் சரி, கீழே சேலத்துப் பட்டறைகளிலும் சரி, மோட்டார் ஓடுகிறதா என்பதைத் தாண்டி, எவ்வளவு சுமையுடன் ஓடுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு என்றே கருதுகிறேன்.

பழத்தோடு கல் சிக்கினாலும், பேரிங் இறுகினாலும் மின்னோட்டம் உயரும். அளவு மீறினால் ரிலே துண்டித்துவிடும். பெல்ட் அறுந்தாலோ, பம்பு தண்ணீரின்றி ஓடினாலோ சுமை சரியும். வழக்கமான ரிலே அதைக் கண்டுகொள்ளாது. இயந்திரம் வேலை செய்யாமலே மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும். இங்கே ஆம்பியரை மட்டும் நம்புவதும் ஆபத்து. சுமையே இல்லாதபோதும் காந்தப்புலத்தை உருவாக்க மோட்டார் கணிசமான மின்னோட்டத்தை இழுக்கும். கிலோவாட்டை அளந்தால்தான் உண்மை தெரியும்.

பொதுவாக மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம், 40 டிகிரி வெப்பம் என்ற வரம்புக்குள் கணக்கிடப்படுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி குறைவு. மோட்டார் குளிர்வதும் குறையும். மலையின் குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவைக்கு மேல் பெரிய மோட்டார் வாங்கும் வழக்கம்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. பாதிச் சுமைக்கும் கீழே ஓடும் மோட்டாரின் திறன் காரணி சரியும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது, தமிழகச் சிறுதொழில்கள் கடுமையாக எதிர்த்தவற்றுள் ஒன்று நிலைக்கட்டணம். தாழ்வழுத்த இணைப்புகளில் அது கிலோவாட் கணக்கில் விதிக்கப்படுவது. இயந்திரம் நின்றிருந்தாலும் கட்டியாக வேண்டும். எதிர்ப்பு நியாயமானதே. ஆனால், தன் உண்மையான சுமை எவ்வளவு என்று எண்ணோடு சொல்ல முடியாதவர், இணைப்பின் அளவைக் குறைத்துக் கேட்பது எப்படி?

நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள் என்ற இலக்கோடு 2021இல் ஒன்றிய அரசு திட்டம் வகுத்தது. இவ்வகை மீட்டர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சுமையைப் பதிவுசெய்யும். ஒவ்வொரு மோட்டாரையும் அவை பிரித்துக் காட்டாது. அதற்குத் தனி அளவி வேண்டும். எனினும் ஒன்றிரண்டு மோட்டார்களே உள்ள சிறு கூடத்துக்கு அந்தப் பதிவே போதுமான தொடக்கம். வசூலுக்குப் பயன்படும் அதே பதிவை, நுகர்வோரும் எளிய தமிழில், கட்டணமின்றிப் பார்க்கும் வசதியை மின்வாரியம் மீட்டர் பொருத்தும் நாளிலேயே தர வேண்டும்.