பரங்கிமலைக் கல்லெழுத்து

மயிலாப்பூர்ச் சாந்தோமுக்குத் தென்மேற்கே நிற்பது பரங்கிமலை. அதன் உச்சியிலுள்ள தேவாலயத்தின் பீடத்திற் கருங்கற் சிலுவை யொன்று விளங்குதலை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதனைச் சூழ்ந்து வளைந்தோடும் எழுத்துக்களை உற்று நோக்கினோர் சிலரே. அவ்வெழுத்துக்களின் வரலாறு, தமிழ் பயிலும் நமக்கு ஒரு நற்பாடமாகும்.

1547-ஆம் ஆண்டிற் போர்த்துக்கீசியர் அம்மலைமேல் ஆலயம் எடுப்பதற்காக நிலத்தை அகழ்ந்தபொழுது இச்சிலுவை வெளிப்பட்டது. எழுத்து இன்னதென அவர்க்கு விளங்கவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் இந்நாட்டுப் பண்டிதர் ஒருவரைக் கொண்டு அதனைப் படிப்பித்தனர். அவர், தோமையார் இறைவனால் இந்நாட்டிற்கு அனுப்பப்பெற்ற செய்தியே அதிற் பொறிக்கப்பட்டுள்ளதென நீண்டதோர் உரை பகர்ந்தார். கேட்டோர் விழைந்த செய்தியும் அதுவேயன்றோ! அவ்வுரை ஐரோப்பிய நூல்களிலும் ஏறி நிலைபெற்றது.

ஏறக்குறைய 300 ஆண்டுகள் கழிந்தன. சென்னை மாகாணத்தில் நீதிபதியாயிருந்த பர்னல் என்பார், அவை பாரசீகத்திற் பண்டு வழங்கிய பகலவி எழுத்துக்களென 1873-இல் வெளியிட்டார். கோட்டயத்துப் பழம்பள்ளியிலும் இத்தகைய சிலுவைகள் உள. வாசகத்தைப் படிப்பதில் அறிஞர் முற்றும் ஒருமைப்பட்டாரல்லர். எனினும், இதனைச் செய்தான் ஒருவன் தனக்கு இரங்குமாறு கிறிஸ்துவை வேண்டுவதே இதன் பொருளென்பது பலர்க்கு உடன்பாடு. தோமையாரைப்பற்றிய நெடுங்கதை அதில் இல்லை.

இவ்வுண்மையாற் பக்திக்கு ஊறு நேருமென அஞ்சுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தோமையார் மரபு இக்கல்லொன்றையே பற்றி நிற்பதன்று. பொய்க்கால் நாட்டித் தாங்கவேண்டிய நிலையில் எந்த மெய்யும் இல்லை. அன்றியும், உண்மையான படிப்பால் நாம் இழந்ததினும் பெற்றது பெரிது. போர்த்துக்கீசியர் வருதற்குப் பன்னூறாண்டு முன்னரே பாரசீக மொழியில் இறைவனைத் தொழுதோர் தொடர்பு இக்கடற்கரைக்கு இருந்ததென்பதை அறிகிறோம். தன் புகழைப் பொறியாது இரக்கத்தையே வேண்டிய அவ்வெளியோன் குரல், அப்பண்டிதரின் நெடுங்கதையினும் நம் நெஞ்சை உருக்குகின்றது.

செல்லரித்த ஏடுகளைப் பதிப்பித்த நம் பெரியோர், சிதைந்த இடங்களிற் புள்ளியிட்டு விடுத்தனர். தம் கற்பனையால் அவற்றை நிரப்பும் புலமை அவர்க்கு இல்லாமலன்று. நிரப்புதல் நூலுக்குச் செய்யும் தீங்கென அறிந்திருந்தமையாலேயே அங்ஙனம் செய்தனர். அவ்வடக்கமே ஆராய்ச்சியின் முதற்படி.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் நுங்கள் ஊர்க் கோயிற் சுவரையும், பழைய கல்லறைகளையும், ஆற்றங்கரைக் கற்களையும் சென்று காண்மின். முதலில் எழுத்தை உள்ளவாறே படியெடுமின். பின்னரே பொருள் தேடுமின். விளங்காத இடத்தை வெற்றிடமாக விடுமின். நாம் விரும்பும் சொல்லைக் கல்லின் வாயில் திணித்தல், அதனை உடைப்பதினும் கொடிது. உடைந்த கல் தன் குறையைத் தானே காட்டும். பொய்யாகப் படிக்கப்பெற்ற கல்லோ முந்நூறாண்டு நம்மை மயக்கும்.