ஆஸ்கர் பட்டியலும் ஓர் இறப்புச் சான்றிதழும்

2025 ஜனவரி 23ஆம் நாள் இரண்டு காகிதங்கள் வெளியாயின. ஒன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தைச் சூழ்ந்த காட்டுத்தீயால் இருமுறை தள்ளிவைக்கப்பட்டு அன்று அறிவிக்கப்பட்ட ஆஸ்கர் விருதுப் பரிந்துரைப் பட்டியல். மற்றொன்று, பிரேசிலின் சாவோ பாலோ நகரப் பதிவு அலுவலகம் வழங்கிய, ரூபென்ஸ் பைவா என்பவரின் திருத்தப்பட்ட இறப்புச் சான்றிதழ். முதற் காகிதத்தை உலகமே பார்த்தது. இரண்டாவதைப் பெரும்பாலும் பிரேசில் மக்களே பார்த்தனர். ஆனால் அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், அந்தப் பட்டியலைக் கண்டு பிரேசில் ரசிகர்கள் ஏன் அப்படிக் கொண்டாடினர், மெக்சிகோ ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தனர் என்பது விளங்கும்.

'ஒரு விருதுக்குப் பெயர் போனதற்கே இவ்வளவு ஆர்ப்பாட்டமா?' என்று தோழர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆஸ்கர் வழங்கும் அகாதமி எத்தகைய நிறுவனம் என்பதை நாம் அறிவோம். 1927இல் அது தோன்றியபோது அதற்கு மூளையாக இருந்தவர் எம்ஜிஎம் படநிறுவனத்தின் தலைவர் லூயி பி. மேயர். ஸ்டுடியோத் தொழிலாளர் சங்கமாகத் திரளத் தொடங்கியிருந்த காலம் அது. நடிகர்களும் எழுத்தாளர்களும் அவ்வழியே சென்றுவிடாமல், முதலாளிகளோடு ஒரே கூரையின்கீழ் அமரவைக்கும் ஏற்பாடாகவே அகாதமி கருதப்பட்டது. விருதுகள் பின்னால் வந்த அலங்காரம். இன்றும் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற விநியோக நிறுவனங்கள் பெருந்தொகை செலவிட்டுப் பிரச்சாரம் செய்கின்றன. உலக சினிமாவின் தரத்தை நிறுக்கும் தராசு அதன் கையில் இருப்பதாக எண்ணுவது பேதைமை.

இவையெல்லாம் உண்மை. ஆயினும் அகாதமி வேறு, ரசிகர்கள் வேறு. கடைக்காரனைப் பற்றிய நமது மதிப்பீட்டைக் கடைக்கு வரும் மக்கள்மீது ஏற்றிவிடக் கூடாது.

ரூபென்ஸ் பைவா ஒரு பொறியாளர். தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் அவரது பதவியைப் பறித்தது. 1971 ஜனவரி 20ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவில் அவரது வீட்டிற்குள் ஆயுதம் தாங்கியோர் நுழைந்து அவரை அழைத்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை. மனைவி யூனிஸ் பைவாவும் பதினைந்து வயது மகளும்கூடக் கைது செய்யப்பட்டனர். மகள் மறுநாள் விடுவிக்கப்பட்டாள். யூனிஸ் பன்னிரண்டு நாட்கள் அடைத்துவைக்கப்பட்டார். கணவரைப் பற்றிக் கேட்டபோது, வேறிடத்திற்குக் கொண்டுசெல்லும் வழியில் ஆயுதக் குழுவினர் வண்டியைத் தாக்கி அவரை மீட்டுச் சென்றுவிட்டனர் என்று ராணுவம் கதை கட்டியது. ஐந்து குழந்தைகளை வளர்த்துக்கொண்டே யூனிஸ் சட்டம் பயின்றார், வழக்கறிஞரானார், பழங்குடி மக்களின் நில உரிமைக்காக வாதாடினார், கணவருக்கு என்ன நேர்ந்தது என்று அரசைக் கேட்பதை மட்டும் நிறுத்தவேயில்லை.

அவர்களது மகன் மார்செலோ எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு வால்டர் சாலிஸ் இயக்கிய படம்தான் 'நான் இன்னும் இங்கிருக்கிறேன்'. சிறந்த படம், சிறந்த நடிகை, சிறந்த பன்னாட்டுப் படம் என மூன்று பிரிவுகளில் அது பட்டியலில் ஏறியது. போர்த்துகீசிய மொழியில் எடுக்கப்பட்ட பிரேசில் படம் ஒன்று சிறந்த படத்துக்கான பிரிவில் நுழைந்தது இதுவே முதன்முறை. யூனிஸாக நடித்த பெர்னாண்டா டோரஸின் தாயார் பெர்னாண்டா மாண்டினெக்ரோ 1999இல் இதே விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றவர். முதுமையில் நினைவிழந்த யூனிஸாக இந்தப் படத்தில் அவரும் சில நிமிடங்கள் தோன்றுகிறார். இருபத்தாறு ஆண்டுகளாகப் பிரேசில் ரசிகர்கள் அத்தோல்வியை மறக்கவில்லை. கால்பந்துக்குத் திரளும் உற்சாகத்துடன் அவர்கள் இம்முறை அகாதமியின் சமூக ஊடகப் பக்கங்களை நிரப்பினர்.

இதை வெறும் தேசப் பெருமிதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்நாட்டின் அண்மை வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும். 2016 ஏப்ரலில் தில்மா ரூசெஃபைப் பதவி நீக்கும் தீர்மானத்தின்மீது வாக்களித்தபோது, ஜெயிர் போல்சொனாரோ தன் வாக்கைக் கர்னல் உஸ்ட்ராவுக்குக் காணிக்கையாக்கினார். ராணுவ ஆட்சிக் காலத்தில் சாவோ பாலோ சித்திரவதைக் கூடத்தின் தலைவனாக இருந்தவன் உஸ்ட்ரா. இளம்பெண்ணாக இருந்த தில்மாவே அந்தக் கூடத்தில் வதைபட்டவர். அப்படிப் பேசிய மனிதர் இரண்டரை ஆண்டுகளில் குடியரசுத் தலைவரானார். ராணுவ ஆட்சி பொற்காலம் என்று நான்காண்டுகள் அரசு மாளிகையிலிருந்தே பறைசாற்றப்பட்டது. 2023 ஜனவரி 8ஆம் நாள் அவரது ஆதரவாளர்கள் நாடாளுமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் புகுந்து சூறையாடினர். இத்தகைய நாட்டில், படத்தைப் புறக்கணிக்கும்படி தீவிர வலதுசாரிகள் விடுத்த அழைப்பையும் மீறி 30 லட்சத்திற்கும் மேற்பட்டோர் திரையரங்குக்குச் சென்றனர். நுழைவுச்சீட்டு வாங்குவதே ஒரு கருத்தைப் பதிவு செய்வதாக ஆகிவிட்டது. பட்டியல் வெளியானபோது அவர்கள் கொண்டாடியது ஒரு நடிகையை மட்டுமன்று. தங்கள் நாட்டில் பொய் என்று மறுக்கப்பட்ட ஒன்றை உலகம் உண்மை என ஏற்றதையே கொண்டாடினர்.

இனி மெக்சிகோவைப் பார்ப்போம். அதே பட்டியலில் 'எமிலியா பெரெஸ்' என்னும் படம் 13 பரிந்துரைகளைப் பெற்றது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் எதுவும் இதுவரை இவ்வளவு பெற்றதில்லை. கதைக்களம் மெக்சிகோ, இயக்குநர் ஜாக் ஒதியார் பிரெஞ்சுக்காரர், படப்பிடிப்பு பெரும்பகுதியும் பாரிஸ் அருகே ஸ்டுடியோவில். போதைப்பொருள் கும்பலின் தலைவன் ஒருவன் பாலின மாற்றம் செய்துகொண்டு, பின்னர் காணாமல் ஆக்கப்பட்டோரின் உடல்களைத் தேடித்தரும் அமைப்பொன்றைத் தொடங்குவது கதை. அதையும் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்கிறது படம்.

மெக்சிகோவில் அரசின் பதிவேட்டின்படியே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் காணாமல் ஆக்கப்பட்டுள்ளனர். 2014 செப்டம்பரில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் மாணவர்கள் 43 பேர் ஒரே இரவில் மறைக்கப்பட்டனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் மண்வெட்டியும் இரும்புக் கம்பியுமாக வறண்ட நிலங்களில் மண்ணைக் குத்தி முகர்ந்து எலும்பு தேடுகின்றனர். அந்தத் துயரம் ஒரு கொலைகாரன் பாவமன்னிப்புத் தேடும் கதைக்குப் பின்னணித் திரையாகிவிட்டது என்பதே மெக்சிகோ ரசிகர்களின் சினம். மெக்சிகோவைப் பற்றி அதிகம் ஆராயவில்லை, வேண்டியது ஓரளவு முன்பே தெரியும் என்று இயக்குநர் ஒரு நேர்காணலில் கூறியது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. மெக்சிகோவின் இளம் திருநங்கைக் கலைஞர் ஒருவர், மெக்சிகோ நடிகர்களை மட்டுமே கொண்டு, ஒட்டுமீசையும் ரொட்டியுமாகப் பிரெஞ்சுக்காரரைக் கேலி செய்யும் குறும்படம் ஒன்றை எடுத்து இணையத்தில் வெளியிட்டார். பட்டியல் வெளியான சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். திறனாய்வாளர்களின் பக்கக்கணக்கான எழுத்தைவிட அந்தக் கேலி கூர்மையாகத் தைத்தது.

ஆக, ஒரே பட்டியலில் இரண்டு படங்கள். இரண்டிலும் அரசாலோ கும்பலாலோ மறைக்கப்பட்ட மனிதர்கள். ஒரு நாட்டின் ரசிகர்கள் மகிழ்ந்தனர். மற்றொரு நாட்டின் ரசிகர்கள் சினந்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிர் உணர்ச்சிகள். உள்ளே இருப்பது ஒரே கேள்வி: இறந்தவர்களின் கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு? அவர்களுக்கு விடை சொல்லும் பொறுப்பு யாருக்கு?

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இலத்தீன் அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்கத் தொடங்கிய காலத்தில் இத்தகையோரை நான் 'காணாமல் போனவர்கள்' என்றே எழுதிவந்தேன். பல ஆண்டுகள் அப்படியே அச்சேறியது. அது பிழை. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போகும். மேய்ச்சலுக்குச் சென்ற ஆடு காணாமல் போகும். பைவா போகவில்லை, கொண்டுபோகப்பட்டார். இந்தத் திருத்தத்தை எனக்குக் கற்பித்தது இலக்கண நூலன்று, ஈழத்துத் தாய்மார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கிய அவர்கள் தம் பதாகைகளில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே எழுதினர். இலங்கை அரசு நிறுவிய அலுவலகத்தின் தமிழ்ப் பெயரோ 'காணாமற்போன ஆட்கள்' என்கிறது. 'போனார்' என்பது தன்வினை, சென்றவரே வினைமுதல். 'ஆக்கப்பட்டார்' என்பது செயப்பாட்டுவினை. சொன்ன உடனே 'யாரால்?' என்ற கேள்வி எழுந்தே தீரும். அரசுகள் அஞ்சுவது அந்த ஒற்றைக் கேள்விக்குத்தான்.

பைவாவின் சான்றிதழுக்கு இப்போது வருவோம். 1995இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, மறு ஆண்டு யூனிஸ் முதல் இறப்புச் சான்றிதழைப் பெற்றார். அவர் அதைக் கையில் ஏந்திச் சிரித்த தருணம் படத்திலும் இடம்பெறுகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ், பைவா 1971 முதல் காணாமல் போனவர் என்றுதான் குறிப்பிட்டது. தன்வினை! 2024 டிசம்பரில் பிரேசிலின் தேசிய நீதி மன்றம் என்னும் உயர் அமைப்பு, உண்மை அறியும் ஆணையம் 2014இல் உறுதி செய்த 434 பேரின் இறப்புப் பதிவுகளையும் சரிசெய்ய ஆணையிட்டது. அதன்படி ஜனவரி 23 அன்று வழங்கப்பட்ட புதிய சான்றிதழ், பைவாவின் இறப்பு இயற்கையானதன்று, வன்முறையால் நேர்ந்தது, அதற்குக் காரணம் பிரேசில் அரசே என்று பதிவு செய்கிறது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 'யாரால்' என்பதற்கு அரசு முத்திரையுடன் ஒரு விடை! அதைக் காண யூனிஸ் இல்லை. அவர் 2018 டிசம்பர் 13ஆம் நாள் மறைந்தார்.

நீதி கிடைத்துவிட்டது என்று இதற்குப் பொருளன்று. பைவா கொலை தொடர்பாக முன்னாள் ராணுவத்தினர் ஐவர்மீது 2014இல் குற்றம் சாட்டப்பட்டது. ராணுவ ஆட்சியே 1979இல் கொண்டுவந்த பொதுமன்னிப்புச் சட்டம் குறுக்கே நின்றது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உடலை மறைத்து வைப்பது நாள்தோறும் தொடரும் குற்றமாயிற்றே, அதற்கு எப்படி மன்னிப்புப் பொருந்தும் என்ற வினாவை உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிளாவியோ டினோ 2024 டிசம்பரில் எழுப்பினார். தமது ஆணையில் இந்தப் படத்தையும் அவர் குறிப்பிட்டார். திரையரங்கில் அழுதவர்களின் கண்ணீர் நீதிமன்றப் படியேறியது எனலாம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச் முதல் நாள், கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீசாரால் கொண்டுசெல்லப்பட்டார். கக்கயம் முகாமில் வதைக்கப்பட்ட அவரது உடல் கிடைக்கவேயில்லை. தந்தை ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கு 1977இல் ஒரு முதலமைச்சரைப் பதவி விலகச் செய்தது. மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தந்தையைப் பற்றி ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி' அந்நிகழ்வின் நிழலில் பிறந்த படம். 1989இல் கான் திரைப்பட விழாவில் அது சிறப்புக் குறிப்பீடு பெற்றது. நாட்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. படத்துக்கு விருதுகள் வந்தன. தந்தைக்கு மகனின் எலும்புகூட வரவில்லை. விருது நினைவைக் காக்கும்; நீதியின் இடத்தை நிரப்பாது. இன்று நம் இளம் தோழர்களில் எத்தனை பேர் 'பிறவி'யைப் பார்த்திருப்பர் என்று கேட்டுக்கொள்வது நன்று.

ரசிகர்களைப் புகழ்ந்து மட்டும் எழுதுவதும் நேர்மையாகாது. பிரேசில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் தம் நடிகையின் வெற்றிக்காக, 'எமிலியா பெரெஸ்' நாயகி கார்லா சோபியா காஸ்கோனை இழிவாகப் பேசினர். சிறந்த நடிகைக்கான பரிந்துரையைப் பெற்ற முதல் வெளிப்படையான திருநங்கை அவர். வெறுப்பைப் பரப்ப வேண்டாம் என்று டோரஸே ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. சில நாட்களில், காஸ்கோன் முன்பு முஸ்லிம்களையும் பிறரையும் இழித்து எழுதிய பதிவுகள் வெளிவந்தன. ஒடுக்கப்பட்ட ஓர் அடையாளம் மட்டுமே ஒருவரை முற்போக்காளராக்கிவிடாது. ஒருவரின் பிற்போக்குப் பேச்சு அவரது அடையாளத்தைத் தாக்குவதற்கு உரிமமும் ஆகாது. மோதல் முற்ற முற்ற சமூக ஊடக முதலாளிகளின் கல்லா நிரம்புகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மக்களின் உணர்ச்சி தானாகவே நல்வழிச் செல்லும் என்பது நம் தத்துவமன்று. அதனோடு உரையாடுவதும் அதற்குத் திசை காட்டுவதுமே நம் வேலை. ஏளனத்தோடு விலகி நிற்பவர்க்கு அந்த வாய்ப்புக் கிட்டாது.

2025 மார்ச் 2ஆம் நாள் விருது யாருக்கு என்பது தெரிந்துவிட்டது. விருது வந்தால் மகிழ்ச்சிதான். வராவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தோழர்கள் கிளைகள்தோறும் 'நான் இன்னும் இங்கிருக்கிறேன்' படத்தையும், அதனோடு 'பிறவி'யையும் திரையிட்டு விவாதிக்க வேண்டும். கூட்டம் முடிந்து வெளியே வரும் இளைஞர் ஒருவர், 'அவர் எப்படிக் காணாமல் போனார்?' என்று கேட்டால், முதலில் அந்த வினைச்சொல்லைத் திருத்துங்கள். மற்றதை அவரே கேட்பார்.